பாதியில் எழுந்தவர்கள்

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த நர்சிங் ஹோம் டாக்டரம்மா சொன்னபோது எனக்கு இருபத்தாறு வயது. மடியில் இருந்த என் மகள் மேஜைமேல் கிடந்த ரப்பர் ஸ்டாம்பை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். நான் அவள் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, காதில் விழுந்தது சரிதானா என்று பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்தேன். சரிதான் என்று அக்கா தலையை ஆட்டினாள்.

நான் போனது சிறுநீரை அடக்க முடியவில்லை என்று சொல்லத்தான். கர்ப்பப்பையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அது தன்பாட்டுக்கு மாதாமாதம் தன் வேலையைச் செய்துகொண்டு, யாருக்கும் தொந்தரவு தராமல் இருந்தது. சைக்கிள் பஞ்சர் என்று போனவனிடம் பெல்லைக் கழற்றிவிடலாம் என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் அதை அங்கே சொல்ல வாய் வரவில்லை. மைசூரில் எங்களைப் போன்ற கட்டடத் தொழிலாளர் ஷெட்டுகளில் அந்த அம்மாவுக்குக் கைராசிக்காரி என்று பேர். வயிற்றை இரண்டு இடத்தில் அழுத்தினார். வெள்ளைப்படுகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பரிசோதனை. ஒரு சொட்டுச் சிறுநீரைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. ஆயுத பூஜைக்கு உங்கள் வேலை நிற்குமே, அப்போது வந்து படுத்துக்கொள் என்றார்.

அக்கா என்றது என் ஓரகத்தியை, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவியை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். எங்கள் ஊர் ராமாபுரத்துக்குப் பக்கத்துக் கௌதள்ளிக்காரி. பக்கத்து ஷெட்டில் இரண்டு பையன்களோடு இருந்தாள். என் மகளுக்குத் தலை வாரிவிடுவது மட்டும் என் வேலை இல்லை, அவள் வேலை. காலையில் சீப்போடு வந்து நின்றுவிடுவாள். என்னை அந்த நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போனதும் அவள்தான். அவளுக்கும் இதே தொந்தரவு இருந்து, இதே டாக்டரம்மா இதே வைத்தியத்தைச் செய்திருந்தார்.

"எனக்கு எடுத்து ரெண்டு வருசம் ஆச்சல்லோ கண்ணு. நானு என்ன கொறஞ்சு போயிட்டேன்? மாசாமாசம் துணி அலசற வேலை மிச்சம்," என்றாள், பஸ்ஸுக்கு நிற்கும்போது.

"உங்களுக்கு நின்னுருச்சுங்களாக்கா, அந்த ஓட்டம்?"

"மின்ன மாதிரி இல்ல," என்றாள். சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு மறைவு தேடிப் போய்வந்தாள்.

அந்த ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குச் சிறுநீர் வருவது தூரத்தில் தெரியும் பஸ் மாதிரி. பார்த்து, எழுந்து, பையை எடுத்துக்கொண்டு போக நேரம் இருக்கும். எனக்கு அது முதுகுக்குப் பின்னால் வந்து நின்று ஹாரன் அடிக்கும். தலையில் சாந்துச் சட்டியோடு சாரத்தில் ஏறும்போது வரும். ரேஷன் கடையில் என் முறை வரும்போது வரும். குழாயில் குடம் நிரம்பும் சத்தம் கேட்டாலே வரும். விழுந்தடித்து ஓடிப் போய் உட்கார்ந்தால் போவது கொஞ்சம்தான். திரும்பி வந்து சட்டியைத் தூக்கினால் மறுபடி ஹாரன். "இவளுக்குக் கூலி கொடுக்கறது வேலைக்கா, நடைக்கா?" என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் கேட்பார். நானும் சிரிப்பேன். சிரித்தால் இன்னும் ஆபத்து.

மகளுக்கு மாதேஸ்வரன் மலையில் முடி இறக்குவதாக ஒரு வேண்டுதல். அவளுக்கு நாலு வயதாகியும் அது நின்றுகொண்டிருந்தது. கொள்ளேகாலிலிருந்து மலைக்கு ஏறும் பஸ்ஸைக் காட்டுக்குள் யாருக்காகவும் நிறுத்த மாட்டார்கள். ராமாபுரத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போவதென்றாலே முதல் நாளிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். உதடு வெடித்துப்போய் இறங்குவேன். மைசூரில் அவ்வளவு தண்ணீர்க் கஷ்டமா என்று அம்மா கேட்பாள்.

எல்லோரும் இதைச் சூடு என்றார்கள். சிமெண்டிலேயே நிற்கிறாயே, சூடு ஏறாமல் என்ன செய்யும் என்றார்கள். வெந்தயம் ஊறவைத்துத் தின்றேன். இளநீர் குடித்தேன். இளநீர் குடித்த நாளில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மெடிக்கல் ஷாப்காரர் நீர்க்கடுப்பு என்று மாத்திரை கொடுத்தார். அதை விழுங்கிய மறுநாள் சிறுநீர் செக்கச்செவேல் என்று ஆரஞ்சு நிறத்தில் போனது. ரத்தம் என்று நினைத்துவிட்டேன். ஓடிப்போய்க் கேட்டால், அது மாத்திரையின் சாயம், நல்ல மாத்திரை என்று அர்த்தம் என்றார். சிறுநீரின் நிறம் பழையபடி ஆனது. ஓட்டம் நிற்கவில்லை.

என் கணவர் கம்பி கட்டுகிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் டாக்டர் சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை அவருக்கு. "ஒண்ணு இருக்குதல்லோ. போதும். நீ நல்லா இருந்தாச் சரி," என்றார். அவருக்குப் போதும். எனக்குப் போதாது. எனக்கு இன்னொன்று வேண்டும். ஆணோ பெண்ணோ, என் மகளோடு உருண்டு சண்டை போட ஓர் ஆள் வேண்டும். இதை அவரிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது, ஓடினேன். திரும்பி வந்தபோது அவர், "பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். ஊரே தசராவுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தது. எனக்கு ஆயுத பூஜை வராமலே போகக் கூடாதா என்று இருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஸ்கேன் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். ஊருக்குள் ஒரு சந்தில் இருந்தது அந்த ஸ்கேன் சென்டர். அக்காவும் நானும் போனோம். வாசலில் இருந்த பெண், நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்காருங்கள், சிறுநீர்ப்பை நன்றாக நிரம்பினால்தான் கர்ப்பப்பை தெரியும் என்றாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அடக்க முடிந்தால் நான் எதற்கம்மா இங்கே வருகிறேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

குடித்தேன். முறை வருமுன் ஓடினேன். திரும்பி வந்து நின்றால் அந்தப் பெண் செம்பை நீட்டி, "மத்தே குடீரி," என்றாள். மறுபடி குடித்தேன். மறுபடி ஓடினேன். எனக்குப் பின்னால் வந்த வயிற்றுப்பிள்ளைக்காரிகள் ஒவ்வொருவராக உள்ளே போய், பிள்ளையின் துடிப்பைக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்து வெளியே வந்தார்கள். நான் செம்பும் கையுமாக இருந்தேன். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஸ்கேன் டாக்டர் என்னைப் பார்த்து இரக்கப்பட்டு, இருப்பதை வைத்துப் பார்க்கலாம், வந்து படு என்றார். அப்போதும் நான் போய்விட்டுத்தான் வந்திருந்தேன்.

வயிற்றில் சில்லென்று களிம்பைத் தடவி, கையில் இருந்த கருவியை வைத்து அழுத்திப் பார்த்தவர், அதே இடத்தில் மறுபடியும் வைத்துப் பார்த்தார். பிறகு, இப்போது போனாயா என்று கன்னடத்தில் கேட்டார்.

"இப்பத்தான் சார் போய்ட்டு வந்தேன்," என்று நானும் கன்னடத்தில் சொன்னேன்.

"இப்போது என்றால்?"

"இன்னும் கால் ஈரம்கூடக் காயவில்லை சார்."

அவர் டிவியை என் பக்கம் திருப்பினார். நடுவில் கறுப்பாக, பெரிய கத்தரிக்காய் போல ஒன்று தெரிந்தது. இது முழுக்கச் சிறுநீர் என்றார். காலையிலிருந்து ஓடி ஓடி இறக்கியது எல்லாம் என்ன ஆயிற்று? இல்லாத ஒன்றுக்கு ஓடுகிறேன் என்றுதானே எல்லோரும் என்னைக் கேலி செய்தார்கள்? உள்ளே அது எந்நேரமும் பாதிக்கு மேல் நிரம்பியே இருந்திருக்கிறது. நான் ஒருநாளும் காலி செய்யவே இல்லை.

"கர்ப்பப்பை எப்படி சார் இருக்குது?" என்று அக்கா வாசலில் நின்றபடி கேட்டாள்.

நன்றாகத்தானே இருக்கிறது, அதற்கு என்ன என்றார் அவர். அதை எடுக்கத்தான் ஸ்கேன் என்றேன். அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டார். எதற்காக என்று கேட்டார். சிறுநீர் அடக்க முடியாததற்காக என்றேன். அவர் என்னையே பார்த்தார். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரைப் பற்றித் தப்பாகப் பேசுவதில்லை, அவரும் பேசவில்லை. ஆனால் துணியை எடுத்து என் வயிற்றை அவரே துடைத்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீர் நோய்களுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, நாளைக்கே அங்கே போ, அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை எந்த ஆபரேஷன் மேஜையிலும் ஏறிப் படுக்காதே என்றார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது. அதுவரை வருத்தம் மட்டும்தான் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். ஒல்லியான பெண். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையை இறுக்கிப் பின்னியிருந்தார். இவருக்கு என்ன தெரியப்போகிறது என்று அக்கா என் காதில் முணுமுணுத்தாள். ஆனால் அவர் வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் கேள்வி கேட்டார். எப்போதெல்லாம் வருகிறது, எவ்வளவு போகிறது, போகும்போது எரிகிறதா, நின்று நின்று போகிறதா, என்ன குடிக்கிறாய், எப்போது குடிக்காமல் இருக்கிறாய். இத்தனை நாளில் இதையெல்லாம் யாருமே என்னைக் கேட்டதில்லை.

சிறுநீரை வாங்கிச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. கிருமி வளர்கிறதா என்று பார்க்க வைத்தார்கள். சில நாள் கழித்துப் போனபோது, அதிலும் ஒன்றும் இல்லை. அப்படியானால் நான் விழுங்கிய மாத்திரையெல்லாம் எந்தக் கிருமியைக் கொல்ல உள்ளே போனது? கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

அவர் விளக்கிச் சொன்னார். சிலருக்குச் சிறுநீர்ப்பை அவசரக்காரியாக இருக்கும். கொஞ்சம் நிரம்பினாலே சுருங்கித் தள்ளும். நீ சொல்வதைக் கேட்டால் அச்சு அசல் அதுதான். அதைச் சாந்தப்படுத்த மாத்திரை இருக்கிறது. வேறு ஒருவராக இருந்தால் இப்போதே எழுதிக் கொடுத்திருப்பேன். ஆனால் உன் பையில் மிச்சம் நிற்கிறது. மிச்சம் நிற்கிறவளுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தால் மொத்தமாக அடைத்துக்கொள்ளலாம். அதனால் பார்க்காமல் எதையும் தர மாட்டேன்.

பார்ப்பது என்றால் எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு சின்ன அறை. நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி. அதன் கீழே புனல், அதற்குக் கீழே ஒரு பாத்திரம், பாத்திரத்திலிருந்து ஒயர் போய் ஒரு பெட்டியில் சேர்ந்தது. பெட்டியில் காகிதச் சுருள், அதன்மேல் ஒரு பேனா. நான் நாற்காலியில் உட்கார்ந்து போனால், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பேனா கோடு போடுமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலியில் உட்கார்ந்து ஒண்ணுக்குப் போவதே அபசாரமாகத் தெரிந்தது. அதை ஒரு மெசின் வேறு எழுதிவைக்குமா? அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். உட்கார்ந்தேன். வந்தது. பேனா கீறும் சத்தம் கேட்டது. அப்போது வெளியே தாழ்வாரத்தில் யாரோ ஓர் ஆண் செருமிக்கொண்டு நடந்தார். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் உள்ளே வந்து, "யாகே எத்ரி?" என்று கேட்டார்.

ஏன் எழுந்தாய் என்கிறார். நான் எழுந்திருக்கவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். குனிந்து பார்த்தால் நான் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பில் செருகிய சேலையை இறக்கிவிட்டு, ஒழுங்காக, யாரோ பார்க்க நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அந்த நிமிஷம் என் உடம்பைப் பார்த்து நானே மிரண்டுபோனேன்.

பரவாயில்லை, இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார். தண்ணீர் குடித்துக் காத்திருந்தேன். இந்தத் தடவை தாழ்வாரத்தில் நர்ஸை நிறுத்தி யாரையும் விடாமல் பார்த்துக்கொண்டார். மின்விசிறியைக்கூட அணைத்துவிட்டார். நான் நாற்காலியின் கைகளை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்கவும் இல்லை. நன்றாகத்தான் போனேன் என்று நினைத்தேன்.

டாக்டர் காகிதத்தைக் கிழித்து எடுத்துவந்து காட்டினார். மற்றவர்களுக்கு இது சாமுண்டி மலை மாதிரி ஒரே ஏற்றம், ஒரே இறக்கமாக இருக்கும் என்றார். என் காகிதத்தில் குட்டிக் குட்டி மேடுகள். ஒவ்வொரு மேடும் ஏறி, சட்டென்று தரைக்கு விழுந்து, மறுபடி ஏறி, மறுபடி விழுந்திருந்தது. ஒரு பள்ளத்தின்மேல் விரலை வைத்து, "இல்லி யாரு பந்த்ரு?" என்றார். இங்கே யார் வந்தார்கள்? யாரும் வரவில்லை என்றேன். விரலை அடுத்த பள்ளத்துக்கு நகர்த்தினார். இங்கே? யாரும் வரவில்லை. இங்கே?

நீங்கள் எல்லாம் எங்கே போவீர்கள் என்று அப்போதுதான் கேட்டார்.

காலிச் சைட்டுக்கு என்றேன். நாங்கள் இருந்தது விஜயநகர் நாலாவது ஸ்டேஜில், புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த பக்கம். எந்த வீட்டில் வேலையோ அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே தகர ஷெட். வீடு கட்டுகிறவர்கள்தானே, கட்டுகிற வீட்டில் பாத்ரூம் இல்லையா என்று டாக்டர் கேட்டார். இல்லாமல் என்ன? ஒவ்வொரு வீட்டிலும் மூன்று. டைல்ஸ் பதித்து, ஆசிட் ஊற்றிக் கழுவி, பளபளவென்று துடைத்து வைப்பதே நாங்கள்தான். ஆனால் கிருகப்பிரவேசம் முடியும்வரை அதில் யாரும் கால் வைக்கக் கூடாது. முதலில் ஹோமம், பசு, பால் காய்ச்சுவது. அதற்கு முன்னால் கூலிக்காரி ஒண்ணுக்குப் போன வீடு என்று ஆகலாமா? சில ஓனர்கள் பூட்டே போட்டுவிடுவார்கள். சாமியும் முதலில் வர வேண்டும், நாங்களும் இருக்க வேண்டும் என்றால் யார் வெளியே நிற்பது? நாங்கள்தான்.

அதனால் விடிவதற்கு முன்னாலும் பொழுது இறங்கியதும் பெண்களெல்லாம் சேர்ந்து, ரோட்டை ஒட்டிய காலி இடத்துக்குப் போவோம். ரோட்டில் ஸ்கூட்டரோ லாரியோ வரும். வெளிச்சம் எங்கள்மேல் விழுவதற்குள் எல்லோரும் எழுந்து, சேலையை இறக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்போம். வண்டி போனதும் உட்காருவோம். அடுத்த வண்டி வரும், எழுவோம். பகலில் பாதி எழும்பிய சுவருக்குப் பின்னால் போனால் ஒருத்தி காவல் நிற்பாள். அவள் இருமினால் எழ வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ராமாபுரத்தில் என் அம்மாவும் பஸ் வெளிச்சத்துக்கு எழுந்தவள்தான். நடக்கப் பழகிய மாதிரி இதையும் பழகிக்கொண்டேன். எழும்போது ஒரு சொட்டுகூட விழாமல் பாதியில் நிறுத்துவது எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. சொல்லப்போனால் அதில் நான் கெட்டிக்காரி.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது டாக்டர் எழுதுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். கீழே பையின் வாயை மூடித் திறக்கிற தசை ஒன்று இருக்கிறது. நீ உட்கார்ந்து போகும்போது அது திறந்தே இருக்க வேண்டும். உனக்கு அது நடுநடுவே தானாகவே மூடிக்கொள்கிறது, யாரும் வராவிட்டாலும். அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளிப் பை முரட்டுப் பிடிவாதம் பிடித்துவிட்டது. அதனால்தான் அவசரம், அதனால்தான் மிச்சம். கர்ப்பப்பைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது. அடக்க முடியவில்லை, அடக்க முடியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு அலைந்தேனே. அடக்கி அடக்கித்தான் எனக்கு நோயே வந்திருக்கிறது. அதற்காக என் வயிற்றைக் கிழிக்க நாள் குறித்திருந்தார்கள். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் போயிருந்தால், ஒரு சொட்டுச் சிறுநீரைக்கூடப் பார்க்காதவர் கையால் அது நடந்து முடிந்திருக்கும். நானும் கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன்.

மருந்து எதுவும் தரவில்லை. கால் இரண்டும் தரையில் பதிய நிதானமாக உட்கார வேண்டும், முக்கக் கூடாது, முடிந்தது என்று தோன்றினாலும் எழாமல் இருந்து இன்னொரு தடவை போக வேண்டும், வந்தாலும் வராவிட்டாலும் மணி பார்த்துப் போக வேண்டும் என்று சொன்னார். மாதம் ஒருமுறை வந்து மெசினில் உட்கார வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு கதவும் தாழ்ப்பாளும் வேண்டும், அதை நான் சீட்டில் எழுதித் தர முடியாது என்றார். அந்த வாரமே என் கணவர் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு குழி தோண்டி, ஹாலோ பிளாக்கில் நாலு சுவர் எழுப்பி, எங்கோ கழற்றிப் போட்டிருந்த கதவைக் கொண்டுவந்து மாட்டினார். ஊருக்கெல்லாம் கட்டுகிற மனிதருக்கு அது தோன்ற ஒரு மெசின் கோடு போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. கதவு வந்தும் என் உடம்பு அதை நம்ப மாதக்கணக்கானது. ஆயுத பூஜை வந்தது, போனது. மகளுக்குச் சண்டைக்கு ஓர் ஆள் பிறந்தான்.

ஆனால் இதில் என்னை இன்னும் விடாமல் பிடித்திருப்பது அன்றைக்கு அதே அறையில் நடந்தது. டாக்டர் எனக்கு விளக்கிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் அக்கா மூலையில் ஸ்டூலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எழுந்தபோது அவள் எழவில்லை. என்னிடம்தான் சொன்னாள்.

"என்னையும் ஒருக்கா அதுல உக்கார வெச்சுப் பாக்கச் சொல்றயா கண்ணு?"

டாக்டர் சரி என்றார். நான் வெளியே கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். பேனா கீறியது, நின்றது. கீறியது, நின்றது. காகிதத்தைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு அவளையும் படுக்க வைத்து ஸ்கேனில் பார்த்தார்கள். மிச்சம் அவளுக்கும் நின்றது. அடிவயிற்றில் இருந்த தழும்பைப் பார்த்து, இது என்ன ஆபரேஷன் என்று டாக்டர் கேட்டார். அக்கா சொன்னாள். எதற்காக என்று கேட்டார். அதையும் சொன்னாள். அப்போது என்ன வயது என்று கேட்டார். இருபத்தெட்டு என்றாள். டாக்டர் அதைச் சீட்டில் எழுதிவிட்டு, இவளுக்குச் சொன்ன பயிற்சியையே நீங்களும் செய்யுங்கள், குறைந்துவிடும் என்றார்.

பஸ்ஸில் அக்காவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் ஏதாவது பேச வேண்டும் என்று பார்த்தேன். என்னுடையது பிழைத்தது என்று அவளிடம் சந்தோஷப்பட முடியுமா?

"எடுத்த ஒடனே வெளிய கொண்டாந்து உங்க மாமாகிட்டக் காட்டுனாங்க கண்ணு," என்றாள் திடீரென்று, தன் கணவரைச் சொல்லி. "ஒரு ட்ரேயில வெச்சு."

அது வழக்கம்தான். எடுக்காமலே எடுத்தோம் என்று சொல்லிவிட்டார்கள் என்று யாரும் பின்னால் பேசிவிடக் கூடாது என்று வீட்டுக்காரர்களிடம் காட்டுவார்கள்.

"அவரு அதையப் பாத்துப்போட்டு, ஏனுங்கம்மா, இது நல்லாத்தானே இருக்குதுன்னு கேட்டாராம். வாரந்தவறாம கறி எடுக்கற மனுசன், நல்லது கெட்டது தெரியுமல்லோ. வெளிய பாத்தா அப்படித்தான் தெரியும், உள்ளுக்குள்ளதான் கெட்டிருக்குதுன்னு அந்தம்மா சொல்லிப்போட்டு உள்ள போயிருச்சாம். வார்டுல வந்து எங்கிட்டச் சொன்னாரு. நாங்க ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சோம். தையல் இழுக்குது, சிரிக்க வெக்காதீங்கன்னு சொன்னேன் நானு."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருந்திருக்குது," என்றாள்.